காந்தக்கல்லில் பல், முத்துக்கல்லில் கண்

போன மாதம் ஒரு மழைச் சாயங்காலம். பக்கத்து வீட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறவள், கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "மாமா, இது அட்டையா, பூச்சியா, இல்ல வெறும் கல்லா?"

குடும்பத்தோடு ராமேஸ்வரம் போய்விட்டுத் திரும்பும் வழியில், பாம்பன் பக்கம் ஒரு பாறைக் கரையில் இறங்கி நின்றபோது எடுத்த படமாம். கடல் வற்றிக் கிடந்த நேரம். ஈரப் பாறையின் மேல் மூன்று விரல் நீளத்துக்கு ஏதோ ஒன்று அப்பிக்கொண்டிருந்தது. பாறையின் நிறம்தான் அதற்கும். முதுகில் குறுக்கே வரிவரியாகக் கோடுகள். கொடைக்கானலில் பிறந்து வளர்ந்தவளுக்கு, ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் எதுவுமே முதலில் அட்டையாகத்தான் தெரியும். ஆடி மாதம் சோலைக்காட்டுப் பக்கம் போய்வந்த யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள்.

"கைட்டன்" என்றேன். அவளுக்கு மூச்சு விடக்கூட நேரம் தேவைப்படவில்லை. "கீட்டோப்ளூரா!" என்றாள். நீட் தேர்வுக்குப் படிக்கிறாள் இல்லையா. பதினோராம் வகுப்பு என்சிஇஆர்டி உயிரியல் புத்தகத்தில் மெல்லுடலிகளுக்கு உதாரணமாக ஒரு வரிசை வரும். பைலா, பிங்க்டாடா, செபியா என்று தொடங்கி, கடைசிப் பெயராகக் கீட்டோப்ளூரா, அடைப்புக்குறிக்குள் கைட்டன். அந்த வரிசையை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். ஆனால் ஆளை நேரில் பார்த்தபோது அட்டையா பூச்சியா என்று கேட்கிறாள். பெயர் தெரியும், ஆள் தெரியாது.

அன்று அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஏழாயிரம் அடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கடல் பிராணியைப் பற்றி எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கடலே இல்லாத எங்கள் வட்டக்கானலில் ஒரு பாறைக்கு 'டால்பின் மூக்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைவிட இது ஒன்றும் பொருத்தமில்லாத வேலை அல்ல. தவிர, கைட்டனின் கதையில் முக்கால்வாசி கல்லின் கதை. கல்லைப் பற்றிப் பேச மலைக்காரனுக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

முதலில் உருவம். மேலிருந்து பார்த்தால் நீள்வட்டம். முதுகில் எட்டு ஓடுகள். நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒன்றின் விளிம்பு அடுத்ததன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். எட்டையும் சுற்றி இடுப்புவார் மாதிரி ஒரு தடித்த சதைப் பட்டை. அதன் மேல் இனத்துக்கு ஏற்றபடி முள்ளோ செதிலோ மயிரோ இருக்கும். திருப்பிப் போட்டால் அடிப்பக்கம் முழுக்கப் பாதம், முன்னால் ஒரு வாய், பாதத்துக்கும் பட்டைக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் வரிசையாகச் செவுள்கள். தலை என்று பெயருக்கு ஒன்று உண்டு. அதில் கண்ணும் கிடையாது, நத்தைக்கு இருப்பதுபோல் உணர்கொம்பும் கிடையாது. உலகில் சுமார் 1,000 கைட்டன் இனங்கள் இப்போது வாழ்கின்றன. விரல்நகம் அளவில் இருப்பதும் உண்டு, வட பசிபிக்கில் ஓர் அடிக்கு மேல் வளர்ந்து ரொட்டித் துண்டு போலக் கிடப்பதும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஓடு எட்டுதான்.

உறவுமுறையில் இது நத்தைக்கும் மட்டிக்கும் கணவாய்க்கும் பங்காளி. எங்கள் கோஸ் தோட்டங்களில் இரவோடு இரவாக இலையைச் சல்லடையாக்கும் நத்தையும் இதுவும் ஒரே பெருங்குடும்பம். ஆனால் நடத்தையில் எனக்கு நினைவுக்கு வருவது வேறு பிராணி. சோலைக்காட்டு இலைக்குப்பையைக் கிளறினால் தடித்த, குட்டையான ஒரு மரவட்டை அகப்படும். தொட்டவுடன் கோலிக்குண்டு போலச் சுருண்டுவிடும். பிள்ளைகள் உருட்டி விளையாடுவார்கள். கைட்டனைப் பாறையிலிருந்து பெயர்த்தால் அதுவும் மெல்ல வளைந்து, மெத்தென்ற வயிற்றை உள்ளே மறைத்து, ஓட்டை வெளியே காட்டிச் சுருளும். அழுங்கும் இதையேதான் செய்கிறது. இந்த மூன்றுக்கும் ரத்த உறவு எதுவும் கிடையாது. துண்டு துண்டான கவசம் இருந்தால்தான் சுருள முடியும் என்பதை மூன்றும் தனித்தனியாகக் கண்டுபிடித்திருக்கின்றன.

துண்டுக் கவசத்தால் இன்னொரு லாபமும் உண்டு. நத்தைக்கு இருப்பதுபோல் ஒரே கட்டி ஓடு என்றால், மேடுபள்ளமான பாறையில் எங்காவது இடுக்கு விட்டுப்போகும். எட்டாகப் பிரிந்திருப்பதால் கைட்டன் பாறையின் நெளிவுக்குத் தக்கபடி தானும் நெளிந்து, இடைவெளி இல்லாமல் படிந்துகொள்கிறது. படிந்த பிறகு பாதத்தாலும் பட்டையாலும் இறுக்கிப் பிடித்தால் கையால் பெயர்ப்பது கஷ்டம். லின்னேயஸ் 1758இல் இதற்குக் கைட்டன் என்று பெயர் வைத்தார். பழைய கிரேக்கர்கள் உடுத்திய ஓர் அங்கியின் பெயர் அது. சட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு இறுக்கிப் பிடிக்க என்ன அவசியம் என்பது அது குடியிருக்கும் இடத்தைப் பார்த்தால் புரியும். கடல் ஏறினால் மூழ்கும், வற்றினால் வெளியே தெரியும் பாறைப் பகுதி அது. கடலும் இல்லை, கரையும் இல்லை, இரண்டுங்கெட்டான் நிலம். நம் தென்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் அது பத்து மீட்டரைத் தொடும். ஆக, நம் பக்கத்தில் இந்த இரண்டுங்கெட்டான் நிலம் ஒரு குறுகிய கீற்றுதான். அதிலும் தமிழ்நாட்டுக் கரையில் பெரும்பகுதி மணல். பாறை என்று பார்த்தால் கன்னியாகுமரிப் பக்கம், மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைத் தீவுகள், பாம்பன் சுற்றுவட்டாரம், மாமல்லபுரம் என்று விட்டுவிட்டுத்தான் வரும். கடற்கரைக்குப் போய்வரும் பெரும்பாலோர் கைட்டனைப் பார்க்காமலேயே திரும்புவதற்கு இதுவே பாதிக் காரணம். மீதிப் பாதி, பார்த்தாலும் கல் என்றே நினைத்துவிடுவது.

அந்தக் கீற்றில் வாழ்வது லேசான காரியம் இல்லை. கொடைக்கானலில் மார்கழிக் காலையில் புல்லில் உறைபனி கிடக்கும், மதியம் அதே புல்வெளியில் வெயில் முதுகைச் சுடும். ஒரே நாளில் இரண்டு பருவம் என்று நாங்கள் அலுத்துக்கொள்வோம். கைட்டனுக்கு ஒரே நாளில் இரண்டு உலகம். சில மணி நேரம் உப்புத் தண்ணீருக்குள் மீனுக்குப் பயந்து, சில மணி நேரம் காய்கிற வெயிலில் பறவைக்கும் நண்டுக்கும் பயந்து, நடுவே அலை அடிக்கும்போது அடித்துச் செல்லப்படாமல் இருக்க வேண்டும். ஓட முடியாது. இருக்கிற இடத்தில்தான் சாப்பாடும். சாப்பாடு என்பது பாறை மேல் படியும் பாசி. அதுவும் தழைத்த பாசி அல்ல. வழுக்குகிற மெல்லிய படலம், சில சமயம் கல்லின் மேல்தோலுக்குள்ளேயே ஊறிப்போன பாசி. அதை எடுக்க நாக்கு போதாது. அரம் வேண்டும்.

அரம் இருக்கிறது. நத்தை இனத்துக்கெல்லாம் வாய்க்குள் பல் பதித்த ஒரு நாடா உண்டு. கோஸ் இலை சல்லடை ஆவது அதனால்தான். கைட்டனின் நாடாவில் வரிசைக்கு 17 பல் வீதம் பல பத்து வரிசைகள் இருக்கும். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு ஜோடிப் பல் மட்டும் கரேலென்று மினுங்கும். அந்தக் கறுப்பு, மேக்னடைட். நம் ஊர்ப் பேச்சில் காந்தக்கல்.

இந்த இடத்தில் அந்தப் பெண் நம்பவில்லை. நியாயம்தான். காந்தக்கல் என்றால் சேலம் கஞ்சமலையில் அடுக்கடுக்காக இருக்கும் இரும்புத் தாது. எங்கள் மலையில் அதைப் பார்க்கக் கஞ்சமலை வரை போக வேண்டியதும் இல்லை. மழை விட்ட பிறகு ஓடையோரம் கறுப்பு மணல் ஒதுங்கியிருக்கும். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால் மீசை முளைத்த மாதிரி கறுப்புத் துகள் ஒட்டிக்கொண்டு வரும். இந்த விளையாட்டு விளையாடாத மலைப்பிள்ளை கிடையாது. அதே தாதுதான் கைட்டனின் பல்லில் இருக்கிறது. நாடாவைத் தனியே எடுத்துக் காந்தத்தைக் காட்டினால் அதுவும் இழுபடும்.

இதை 1962இல் ஹெய்ன்ஸ் லோவன்ஸ்டாம் என்ற விஞ்ஞானி எழுதியபோது பலருக்கு ஏற்கச் சங்கடமாக இருந்திருக்கும். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். அதுவரை மேக்னடைட் என்றால் பூமிக்கடியில் பெரும் சூட்டிலும் அழுத்தத்திலும் உருவாவது என்றுதான் பாடம். ஒரு மெல்லுடலி, கடல்நீரின் குளிர்ச்சியில், எந்த உலையும் இல்லாமல் அதை வாய்க்குள் செய்கிறது என்றார் அவர். உயிர் ஒன்று மேக்னடைட்டை உண்டாக்குகிறது என்று நிரூபிக்கப்பட்ட முதல் சந்தர்ப்பம் அது. காந்தம் சுமக்கும் பாக்டீரியாக்கள், காந்தத்தால் திசை அறியும் பறவைகள் என்று இன்று ஓடும் ஆராய்ச்சிகளுக்கெல்லாம் இந்தப் பல் மூத்தது.

எப்படிச் செய்கிறது என்பதைப் பார்க்க ஒரே ஒரு நாடா போதும். அதுதான் இதில் அழகு. நாடாவின் பின்கோடியில் பல் புதிதாக முளைக்கும்போது நிறமே இருக்காது. வெறும் கைட்டின், அதாவது நண்டின் ஓட்டிலும் பூச்சியின் தோலிலும் இருக்கும் பொருள். கொஞ்சம் முன்னால் நகர்ந்து பார்த்தால் பல் துருநிறமாகியிருக்கும். ரத்தத்தில் வரும் இரும்பு, கைட்டின் இழைகளுக்கு நடுவே பெரிஹைட்ரைட் என்ற துருப்பொருளாகப் படிந்திருக்கிறது. இன்னும் சில வரிசை முன்னால் வந்தால் அந்தத் துரு காந்தக்கல்லாக மாறிக் கறுத்திருக்கும். முன்கோடியில் பாறையைத் தொடும் வரிசைகள் தேய்ந்து மொட்டையாக நிற்கும். தொட்டிலிலிருந்து சுடுகாடு வரை ஒரே வரிசையில்.

அம்மி கொத்துகிறவர்கள் எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்த காலம் எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு அம்மி, ஓர் ஆட்டுக்கல் கொத்தினால் உளி முனை மழுங்கிவிடும். பிறகு பட்டறையில் கொடுத்துக் காய்ச்சி, தட்டி, தண்ணீரில் தோய்த்து வாங்க வேண்டும். கல்லோடு மோதுகிற எந்தக் கருவிக்கும் இதுதான் விதி. கைட்டன் உளியைத் தோய்ப்பதில்லை. மழுங்கியதை உதிர்த்துவிட்டு நாடாவை முன்னால் தள்ளுகிறது. சில நாள்களுக்கு ஒருமுறை முன்னால் ஒரு வரிசை விழும், பின்னால் ஒரு வரிசை பிறக்கும். அதோடு ஒவ்வொரு பல்லிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. பல்லின் ஒரு பக்கம் கெட்டியான காந்தக்கல், மறுபக்கமும் உள்ளேயும் அதைவிட மெதுவான தாதுக்கள். மெதுவான பக்கம் முதலில் தேய்வதால் கெட்டியான விளிம்பு எப்போதும் கூராகவே துருத்திக்கொண்டிருக்கும். தானே சாணை பிடித்துக்கொள்ளும் அரிவாள்.

உயிர்கள் உண்டாக்கும் தாதுக்களில் அறியப்பட்டவரை மிகக் கடினமானவற்றில் இதுவும் ஒன்று. உடனே, 'கருங்கல்லையும் கடித்துத் தின்னும் பிராணி' என்று எழுதிவிடத் தோன்றும். எழுதியும் இருக்கிறார்கள். அங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

எந்தக் கல் என்பது முக்கியம். தாதுக்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் காந்தக்கல் 5.5 முதல் 6.5 வரை. சுண்ணாம்புக் கல்லின் கால்சைட் 3. பவளப்பாறையும் பாம்பன் பக்கத்துக் கரைப்பாறையும் பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்துதான். அதன்மேல் கைட்டனின் பல் படுவது வெல்லக்கட்டியில் துருவி படுவது மாதிரி. ஆனால் கன்னியாகுமரிக் கரையில் இருப்பது சார்னோகைட். எங்கள் கொடைக்கானல் மலையும் அதே கல்தான், நீலகிரியும் அதேதான். அதில் பெல்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. அங்கே கைட்டனின் பல் பாசிப் படலத்தை மட்டும் வழித்தெடுக்கும், கல் அசையாது. அதிகம் மோதினால் தேய்வது பல்தான்.

சார்னோகைட் என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் ஜாப் சார்னோக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறை மேல் ஒரு பாளம் இருக்கிறது. கல் போனது நம் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரம் வட்டாரத்திலிருந்து. தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியலாளர் 1893இல் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அதில் படுத்திருந்தவர் பெயரையே பாறை வகைக்கு வைத்துவிட்டார். பல்லாவரத்துக் கல், கல்கத்தாக்காரர் பெயர். நாம் என்ன செய்ய.

சரி, சுண்ணாம்புப் பாறைக்கு வருவோம். அகாந்தோப்ளூரா ஜெம்மேட்டா என்று ஓர் இனம். இந்தியப் பெருங்கடலிலிருந்து மேற்குப் பசிபிக் வரை வெப்பக் கடல்களின் பாறைக் கரைகளில் இருப்பது. முள்முள்ளான தடித்த பட்டை, அழுக்குப் பழுப்பு ஓடு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஒன் ட்ரீ என்ற இடத்தில் இதன் கழிவை எடுத்து அலசி, அதில் எவ்வளவு கல்தூள் இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். ஒரு பிராணி ஒரு வருஷத்தில் சுரண்டுவது சராசரியாக 160 கிராம் சுண்ணாம்புக் கல். ஒரு டம்ளர் அரிசி எடை. பிராணி ஒன்றுக்கு அது. கூட்டமாக வாழும் இடங்களில் கரைப்பாறையின் உருவத்தையே மாற்றப் போதுமான வேலை. கல் அதற்கு உணவு அல்ல. பாசியோடு சேர்ந்து வாய்க்குள் போய், வெளியே மணலாக வருவது. அரிசியில் கல் பொறுக்காமல் சமைப்பவர் போலத்தான்.

மலையில் இந்த வேலையை வேறு ஆள் செய்கிறார். செட்டிநாட்டுக் குழம்பில் போடுகிற கல்பாசியும் அதன் சொந்தக்காரர்களும். பாறைமேல் சாம்பல் நிறத்தில் படர்ந்து, அமிலம் கசியவிட்டு, மெல்லிய இழைகளைக் கல்லின் துவாரங்களுக்குள் நுழைத்து, வருஷக்கணக்கில் பொடியாக்கும். எங்கள் கறுப்பு மண்ணின் அடியில் அந்த உழைப்பும் இருக்கிறது. பாசியும் பூஞ்சையும் கூட்டுச் சேர்ந்து அமிலத்தால் செய்வதை அங்கே கைட்டன் அரத்தால் செய்கிறது. மலையில் அது மண், கரையில் அது மணல்.

பல்லை விட்டுக் கண்ணுக்குப் போகலாம். தலையில் கண் கிடையாது என்றேன். முதுகில் உண்டு.

எல்லாக் கைட்டன்களின் ஓட்டிலும் நுண்ணிய துவாரங்கள் வழியே உணர்வுநரம்பு மேலே வரும். ஓடு என்பது வெறும் செத்த கவசம் அல்ல, உணர்ச்சி உள்ளது. சில இனங்களில் இதன் சில முனைகள் உண்மையான கண்ணாகவே ஆகியிருக்கின்றன. ஹென்றி மோஸ்லி என்ற ஆங்கிலேயர், சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பலில் உலகைச் சுற்றியவர், 1880களில் இவற்றை முதலில் விவரித்தார். பிறகு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஒரு கேள்வி அப்படியே கிடந்தது. இவை வெறுமனே வெளிச்சம், இருட்டு என்று உணர்கின்றனவா, இல்லை உருவத்தைப் பார்க்கின்றனவா?

2011இல் டேனியல் ஸ்பைசரும் கூட்டாளிகளும் கரீபியக் கடலில் இருக்கும் அகாந்தோப்ளூரா கிரானுலாட்டாவை, அதாவது மேலே சொன்ன இனத்தின் ஒன்றுவிட்ட சகோதரியை, எடுத்துக்கொண்டு ஒரு எளிய சோதனை செய்தார்கள். கைட்டனைக் கற்பலகை மேல் விட்டார்கள். நிம்மதியாக இருக்கும்போது பட்டையின் ஓரத்தைச் சற்றுத் தூக்கி வைத்திருக்கும், மூச்சுக்காக. பயந்தால் பொத்தென்று அமுக்கிக்கொள்ளும். இரண்டு விதமாகச் சோதித்தார்கள். முதலில் தலைக்கு மேல் ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டினார்கள். அடுத்து வட்டம் எதுவும் இல்லாமல் அதே அளவுக்கு மொத்த வெளிச்சத்தை மட்டும் குறைத்தார்கள். வெளிச்சம் மட்டும் குறைந்தபோது பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. வட்டம் வந்தபோது அமுங்கியது. மேகம் மறைப்பதையும் பருந்து மறைப்பதையும் அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. தண்ணீருக்குள் வைத்தாலும் வெளியே காற்றில் வைத்தாலும் அது நடந்தது.

அந்தக் கண்ணின் வில்லை எதனால் ஆனது என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத வியப்பு. நம் கண்ணின் வில்லை புரதம். மீன், கணவாய், எல்லாம் புரதம். இதன் வில்லை அரகோனைட். கால்சியம் கார்பனேட்டின் ஒரு வடிவம். ஓடு எதனால் ஆனதோ அதே கல். கொற்கைத் துறையில் நம் முன்னோர் மூழ்கி எடுத்த முத்தும் அரகோனைட்தான். முத்துக்கு எது பொருளோ, அதுவே இதற்குக் கண். கல்லில் வில்லை செய்துகொண்ட பிராணிகள் உலக வரலாற்றில் மிகச் சில. எப்போதோ அழிந்துபோன முக்கூற்றுடலிகள் (ட்ரைலோபைட்) என்ற கடல் பிராணிகளின் கண் கால்சைட். இன்று உயிரோடிருப்பதில் கைட்டனைப்போல் அப்பட்டமான உதாரணம் வேறு காட்டுவது கடினம்.

கல்லால் கண் செய்ய என்ன காரணம்? இரண்டுங்கெட்டான் நிலத்தை மறந்துவிடக் கூடாது. மெத்தென்ற கண்ணை முதுகில் வைத்துக்கொண்டால் முதல் அலையிலேயே மணல் அடித்துக் கெட்டுப்போகும், முதல் வெயிலிலேயே காய்ந்துபோகும். கவசத்துக்குள் கண் வேண்டுமென்றால் கவசத்தையே கண்ணாக்குவதுதான் வழி. ஆனால் இதற்கும் விலை உண்டு. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு அந்த விலையை அளந்து காட்டியது. கண் இருக்கும் இடத்தில் ஓடு பலவீனம். அழுத்தினால் கண் உள்ள பகுதிதான் முதலில் உடைகிறது. பார்வை கூர்மையாக வேண்டுமென்றால் கண்ணைப் பெரிதாக்க வேண்டும், பெரிதாக்கினால் ஓடு இன்னும் பலவீனமாகும். கைட்டன் நடுவழியில் நின்றிருக்கிறது. கண்கள் மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் ஒளிந்திருக்கின்றன, அடி முதலில் மேட்டில்தான் விழும். பார்வை மங்கல்தான். 20 சென்டிமீட்டர் மீன் ஒன்று இரண்டு மீட்டர் தொலைவில் வந்தால் ஏதோ வருகிறது என்று தெரியும், அவ்வளவுதான். அமுங்கிக்கொள்ள அது போதும்.

கண் ஒன்றிரண்டு அல்ல, நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. வயதாக ஆக ஓட்டின் பழைய பகுதிகள் அலையிலும் மணலிலும் தேய்ந்து அங்குள்ள கண்கள் குருடாகும். ஓடு ஓரத்தில் வளரும்போது புதுக் கண்கள் திறக்கும். பல்லில் பார்த்த அதே கணக்கு. தேய்வதைத் தடுக்க முடியாது, ஆகவே புதிதாகச் செய்துகொண்டே இரு. இத்தனை கண்ணில் வருவதைச் சேர்த்துப் பார்க்க நமக்கு இருப்பதுபோல் திரண்ட மூளையும் அதற்குக் கிடையாது. உடலைச் சுற்றி ஓடும் நரம்பு வடங்கள்தான்.

2024இல் ஸ்பைசரும் வேறு சில ஆய்வாளர்களும் இன்னொன்று காட்டினார்கள். கைட்டன் குடும்பத்தில் பார்வை ஒரே ஒருமுறை தோன்றிப் பரவியது அல்ல. நான்கு தடவை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. இரண்டு கிளைகளில் வில்லையுள்ள ஓட்டுக்கண், இரண்டு கிளைகளில் அதைவிட எளிய, எண்ணிக்கையில் அதிகமான புள்ளிக்கண். எந்தக் கிளைக்கு எது வாய்த்தது என்பது, ஓட்டின் விளிம்பில் நரம்பு நுழைய எத்தனை கீறல்கள் ஏற்கெனவே இருந்தன என்பதோடு பொருந்தி வருகிறது. வயரிங் எப்படி ஓடியிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எந்த விளக்கு மாட்ட முடியும் என்பது முடிவாகிறது. பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

வீடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெம்மேட்டாவுக்குச் சொந்த வீடு உண்டு. சுண்ணாம்புப் பாறையில் தன் உடல் அளவுக்குப் பொருந்தும் ஒரு பள்ளம். பகலெல்லாம் அதில் படிந்து கிடக்கும். இரவில் கடல் வற்றியதும் மேய்ச்சலுக்குக் கிளம்பி, ஏற்றம் வருவதற்குள் அதே பள்ளத்துக்குத் திரும்பும். 1980களில் இத்தாலிய ஆய்வாளர்கள் சோமாலியக் கரையில் உட்கார்ந்து இதைக் கவனித்தார்கள். பள்ளத்துக்காகச் சண்டையும் நடக்கிறது. வீட்டுக்காரர் வெளியே போன நேரத்தில் வேறொன்று நுழைந்துவிட்டால் முட்டித் தள்ளி வெளியேற்றப் பார்க்கும். வழி கண்டுபிடிப்பது எப்படி? பல்லில்தான் காந்தம் இருக்கிறதே, திசைகாட்டியாக வைத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது. அவ்வளவு ஆடம்பரம் தேவைப்படவில்லை. போகும்போது பாறையில் விட்ட கோழைத் தடத்தை மோந்துகொண்டே திரும்புகிறது.

பொறியியல்காரர்களும் இதைச் சுற்றி வருகிறார்கள். தேயாத கருவி செய்யப் பல்லைப் பார்க்கிறார்கள். 2019இல் ஒரு குழு, பட்டையின் மேல் இருக்கும் செதில்களைப் பார்த்து, வளையவும் வேண்டும் குத்தவும் கூடாது என்ற கணக்கில் முழங்கால் கவசம் ஒன்றை முப்பரிமாண அச்சில் வார்த்துக் காட்டியது. செய்தியாகப் படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு அந்தப் பிராணியின் மேல்தான் ஆர்வம், முழங்கால் கவசத்தின் மேல் இல்லை.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைட்டன் பரம்பரையின் பழைய புதைபடிவங்கள் ஏறக்குறைய 50 கோடி ஆண்டுக்கு முந்தியவை. கொடைக்கானலின் சார்னோகைட் பூமிக்கடியில் பெருஞ்சூட்டில் வெந்து இன்றைய உருவத்துக்கு வந்தது சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன்பு. மலை மலை என்று நாங்கள் பெருமை பேசும் இந்தக் கல்லும் பாம்பன் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்த அந்த அட்டை மாதிரியான ஜீவனின் வம்சமும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். "அப்போ ஓடை மணல்ல ஒட்டுற கறுப்புத் தூளும் அதோட பல்லும் ஒரே சாமானா மாமா?" என்று அவள் கேட்டாள். ஒரே சாமான்தான். நம் மலைக்கு அதைச் செய்யப் பூமியின் வயிற்றுச் சூடு வேண்டியிருந்தது. அதற்குச் சில நாள்கள் போதும்.

பேச்சு முடிந்து அவள் போன கொஞ்ச நேரத்தில் அவள் தம்பி வந்தான், கையில் ஒரு தீப்பெட்டி. அதே பயணத்தில் கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்களாம். மேசையில் கொட்டினான். சிறு சோழிகள், சங்கின் நுனி ஒன்று, உடைந்த மட்டிகள், கொட்டலசு ஒட்டிய ஒரு குச்சி. அவற்றுக்கு நடுவே வண்ணத்துப்பூச்சியின் இரண்டு இறக்கையை விரித்து வைத்தது போல, கட்டைவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, ஒரு பக்கம் நீலம் கலந்த வெள்ளையில் ஒரு துண்டு. கைட்டன் செத்தால் சதை போய் எட்டு ஓடும் தனித்தனியே கழன்று அலையோடு போகும். இது நடுவில் இருக்கும் ஓடு. முதல் ஓடும் கடைசி ஓடும் அரைவட்டமாக இருக்கும், நடுவில் உள்ள ஆறும் இப்படி இறக்கை போல.

லென்ஸை எடுத்துவந்து இருவரும் மேல்பக்கத்தைப் பார்த்தோம். நன்றாகத் தேய்ந்திருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு மிச்சம். மீதி ஏழு எங்கே என்று தம்பி தீப்பெட்டியை மறுபடி தட்டிப் பார்த்தான்.